கீழ் அடுக்கில் ஒருசந்தி

செய்தி வந்தபோது என் முகத்தின் இடப்பாதி மழித்தாகிவிட்டது. வலப்பாதி நுரைக்குள் இருந்தது. கரையான்சாவடி சலூனின் சுழல் நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு, பட்டாபிஷேகத்துக்குக் காத்திருக்கும் அரசனைப்போல் சாய்ந்திருந்தேன். மடியில் போன் அதிர்ந்தது. நம் துறைப் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம். மூக்குக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் சற்றே திரும்பிய முகம். படத்தைச் சுற்றி ரோஜாப்பூக்கள். பூவைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களுக்கு நம் குழுவில் யாரும் இத்தனை ரோஜா வைப்பதில்லை.

"அண்ணாத்தே, ஆடாத. கையில கத்தி கீது," என்றார் சலூன்காரர் முருகேசன்.

"போதும் நைனா, வுட்டுடு."

"இன்னா வுட்டுடு? பாதி மூஞ்சி அப்டியே கீதே!"

"அது இருந்துட்டுப் போவட்டும். எங்க மேடம் போய்ட்டாங்க."

பாதி மழித்த முகத்தோடு பாரிவாக்கத்தில் மேடத்தின் வீடுவரை நடந்தேன். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள், ஏறவில்லை. வழியில் இரண்டு நாய்கள் என்னைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கி, இந்த முகத்தின் எந்தப் பக்கத்தைப் பார்த்துக் குரைப்பது என்று முடிவெடுக்க முடியாமல் நிறுத்திக்கொண்டன. மேடத்திடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் கால் நின்றது. சொல்வதற்கு அவர் இல்லை என்பது அந்த நாய்களுக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தணிகாசலம். நம் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தவன். பதவிப் பெயர் அவ்வளவுதான். பெருமை அதைவிடப் பெரிது. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட பூமண்டலத்தில் விஞ்ஞானம் என்று எது நடந்திருந்தாலும் அதன் கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவியவன் நான். உங்களில் பலர் பிலோமினா மேடத்திடம் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் அவரோடு பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பத்தொன்பது வருஷம் நின்றவன். அதனால் இந்த நினைவு மலரில் எனக்கும் இடம் கேட்டேன். கொடுத்தார்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அவரிடம் நேரில் சொல்ல வேண்டியதைப் பதினான்கு வருஷம் சொல்லாமலே வைத்திருந்தேன். இப்போது கேட்க அவர் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்த அறையை நீங்கள் எட்டிப் பார்த்திருப்பீர்கள். எங்கள் சாம்ராஜ்யத்தின் மேற்கெல்லை பாத்திரம் கழுவும் தொட்டி. கிழக்கெல்லை இருட்டறைக் கதவு. வடக்கே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே யாருக்கும் அடங்காத முருங்கை மரம். நடுவில் செல்களை உடம்புச் சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டர். குடிமக்கள் எண்ணிக்கையில் எங்களை மிஞ்ச இதுவரை ஒரு சக்கரவர்த்தி பிறக்கவில்லை. ஒவ்வொரு டிஷ்ஷிலும் கோடிக்கணக்கில் எலியின் செல்கள். ஊரே இளைப்பதற்காகக் காலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, கொழுக்க வைப்பதற்காக உழைத்த இரண்டே பேர் நாங்கள். மெலிந்து கிடக்கும் செல்களுக்கு, அவற்றின் சாப்பாடான சீரம் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தை மாற்றி மாற்றி ஊற்றினால், பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே எண்ணெய்த் துளிகள் மினுங்கும் கொழுப்புச் செல்களாக உருண்டு திரளும். இன்குபேட்டரில் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கை மேடம் பார்த்துக்கொள்வார். கீழ் அடுக்கு என் ராஜ்யம். மாலை ஐந்து மணியானால் என் கை தானாகவே சீரத்தை நோக்கிப் போகும். மூளைக்குத் தகவல் பிறகுதான் வரும்.

அந்தச் சீரத்தைச் சிறு குழாய்களில் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தம் கையால் எண் எழுதி, உறைய வைத்திருப்பார் மேடம்.

"இன்னா மேடம், கொயாய்க்கெல்லாம் நம்பரு? ஓட்டுப் போடப் போவுதா?"

"எண் போட்டா தப்பு நடக்காதுன்னு இல்ல தணிகாசலம். நடந்தா எங்கேன்னு தெரியும்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த வாரம் அவரிடம் சண்டைக்குப் போனேன். உடம்பில் இன்சுலின் வேண்டிய அளவு இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழ்நாள் முழுக்க இன்சுலினோடு புழங்கியவனுக்கே இந்தத் துரோகமா?

"இருந்தா ஏன் மேடம் வேலை செய்யல? சம்பளம் வாங்கிக்கினு தூங்குதா?"

மேடம் பிறந்து வளர்ந்தது ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அதனால் அவருக்கு உலகத்தில் எதை விளக்குவதற்கும் ஒரு தொழிற்சாலை கேட் போதும்.

"எங்க அப்பா வேலை பார்த்த கேட்டை நினைச்சுக்கோங்க. இன்சுலின் வெளியே நிக்கிற ஆள். உள்ளே வரவே மாட்டார். மணியை மட்டும் அடிப்பார். மணி அடிச்சதும் கேட்டு தன்னோட உள்பக்கத்துல தானே முத்திரை குத்திக்கும்."

"கேட்டே குத்திக்குமா?"

"தானே குத்திக்கும். அந்த முத்திரையைப் பார்த்து ஒரு ஆள் ஓடி வருவார். அவருக்குச் சொந்தமா எந்த வேலையும் தெரியாது. மெஷின் ஓட்டத் தெரியாது, வெல்டிங் தெரியாது. ஒரு கையால முத்திரையைப் பிடிச்சுக்குவார். இன்னொரு கையால வேலை தெரிஞ்சவரைப் பிடிச்சு இழுத்துட்டு வருவார். அவ்வளவுதான். அவர் கை கோத்தாத்தான் சேதி உள்ளே போகும், சர்க்கரைக்குக் கதவு திறக்கும். இணைப்புப் புரதம்னு அவருக்குப் பேர்."

"ஒரு வேலையும் தெரியாதவனுக்கு இவ்ளோ மரியாதையா? அப்ப நம்ம ஆபீஸ்ல பாதிப் பேரு அதானே மேடம்!"

முருங்கை மரத்துக் காக்கை பறக்கும்படி சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க உடம்புல மணி அடிக்குது. கை கோக்கிற ஆள் சோர்ந்து உட்கார்ந்துட்டார். தினமும் நடங்க. வடையை விடுங்க," என்றார். நடந்தேன். வடை விஷயத்தில் பேச்சுவார்த்தை கடைசிவரை முடியவில்லை.

இதே கூட்டத்தில் வேறு மாதிரி ஆட்களும் உண்டு. முத்திரையைப் பார்த்து ஓடிவருவார்கள், ஆனால் சேதியைக் கடத்த மாட்டார்கள். கேட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, போதும், கிளம்புங்கள் என்பார்கள். அப்படி ஒரு புரதத்தைத்தான் மேடம் பத்தொன்பது வருஷமும் துரத்தினார். அதற்கு ஆங்கிலத்திலும் எண்ணிலும் ஒரு நீண்ட பெயர் இருந்தது. எங்கள் அறையில் அதற்குப் பெயர் வாட்ச்மேன். வாட்ச்மேனை எடுத்துவிட்டால் கேட்டில் என்ன நடக்கும்? இதுதான் கேள்வி. ஒரே கேள்வி. இதற்காக மேல் அடுக்கில் வாட்ச்மேன் உள்ள செல்களையும், கீழ் அடுக்கில் வாட்ச்மேன் இல்லாத செல்களையும் வளர்த்தோம்.

சோதனைக்கு முந்தின நாள் இரண்டு அடுக்கும் பட்டினி. சீரத்துக்குள்ளேயே மணி அடிக்கும் சரக்கு இருக்கிறது. அது இருந்தால் இன்சுலின் சொன்னது எது, சீரம் சொன்னது எது என்று பிரிக்க முடியாது. அதனால் ஓர் இரவு முழுக்கச் சீரம் இல்லாத திரவத்தில் வைத்து, செல்களை மௌனமாக்க வேண்டும். மறுநாள் காலை இன்சுலின். மேடம் கையில் ஸ்டாப்வாட்ச். என் முன்னால் ஐஸ் தொட்டி. அவர் கூவுவார்: "ரெண்டு!" நான் இரண்டு நிமிஷ டிஷ்ஷை ஐஸில் வைப்பேன். "அஞ்சு!" "பத்து!" "முப்பது!" எல்லாவற்றுக்கும் முன்னால் ஜீரோ. அதற்கு இன்சுலினே கிடையாது. ஒன்றும் கொடுக்காமல் அப்படியே ஐஸுக்குப் போகும் டிஷ் அது.

"ஒண்ணும் குடுக்காததை எதுக்கு மேடம் இவ்ளோ பாதுகாப்பா வெக்கிறது?"

"ஜீரோ இருட்டா இருக்கணும் தணிகாசலம். அது இருட்டா இருந்தாத்தான் மத்த வெளிச்சத்தை நம்பலாம்."

அந்த வெள்ளிக்கிழமை தவக்காலத்தில் வந்தது. மேடம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மாலையில் கோயிலில் சிலுவைப்பாதை. மூன்று மணிக்கு இரண்டு அடுக்கையும் பட்டினிக்கு மாற்றிவிட்டு, "இன்னிக்கு யாருக்கும் சாப்பாடு இல்ல," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். "ஆவட்டும் மேடம்," என்று சொன்னேன். சொன்னது இந்த வாய்தான். ஐந்து மணி அடித்தது. கை எழுந்தது. சீரம் உருகியது. கீழ் அடுக்கின் டிஷ்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வயிறு நிறைந்து, உள்ளே போயின. மேல் அடுக்கைத் தொடவில்லை. அது என் ராஜ்யம் இல்லையே. இன்குபேட்டரைச் சாத்திவிட்டு, கடமை தவறாத மகாவீரனைப்போல் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஸ்டாப்வாட்ச். திங்கட்கிழமை இருட்டறை. ஈரம் சொட்டும் ஃபிலிமை ஏந்திக்கொண்டு மேடம் வெளியே வந்தார். ஜன்னலில் முருங்கை மரத்துக்கு நேராகப் பிடித்தார். மேல் அடுக்கின் ஜீரோவில் ஒன்றும் இல்லை. கீழ் அடுக்கின் ஜீரோவில் மையைத் தொட்டு இழுத்ததுபோல் ஒரு பட்டை. செல்லுக்குள் போன சேதி ஃபிலிமில் கறுப்பாக விழும். அதைத்தான் எங்கள் அறையில் வெளிச்சம் என்போம்.

"தணிகாசலம், பாருங்க. கேட்டுக்கு யாருமே வரல. மணியே அடிக்கல. ஆனாலும் உள்ளே சேதி போயிருக்கு. வாட்ச்மேன் இல்லேன்னா கேட்டு தானே பேசுது!"

எத்தனையோ வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். கல்லூரி முதல்வரிடம் போய்ச் சொன்னார். தமக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுத்த பேராசிரியருக்குப் போன் போட்டார். தம்பி அருள்தாஸுக்குப் போன் போட்டு, அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் பத்து நிமிஷம் விளக்கினார். என்னிடம், "தவக்காலம் ஆச்சே, ஈஸ்டருக்கு ஸ்வீட் வாங்கித் தர்றேன். உங்களுக்கு ஒரே ஒரு துண்டுதான்," என்றார். நானும் ஆனந்தத்தில் மிதந்தேன். உலகப் புகழ் கல்லூரி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதாகவே நம்பினேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் குப்பைக் கூடையைக் காலி செய்யக் குனிந்தேன். காலிச் சீரக் குழாய் ஒன்று கிடந்தது. மேடத்தின் கையெழுத்தில் பதினேழு. மூடியின் மேல் என் கையெழுத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி. திறக்கும் குழாயில் தேதி எழுத வேண்டும் என்பது அவர் எனக்குப் பழக்கிய வழக்கம்.

கூடையின் முன் எவ்வளவு நேரம் குனிந்தே இருந்தேன் என்று தெரியாது. கேட் தானாகப் பேசவில்லை. நான் ஊட்டிவிட்ட சாப்பாடு பேசியது.

குழாயைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கரையான்சாவடி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில், நாலு திசையும் பார்த்து, போட்டேன். கொலைகாரன்கூடக் கத்தியை இவ்வளவு நாடகமாக மறைத்திருக்க மாட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மேடம் கட்டுரையின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போது மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

எதையும் மூன்று தடவை செய்து பார்க்காமல் அவர் வெளியே விடமாட்டார். இரண்டாம் தடவை கீழ் அடுக்கின் ஜீரோ இருட்டு. மூன்றாம் தடவையும் இருட்டு. அன்று இருட்டறையிலிருந்து அவர் வெளியே வர நேரமானது. வந்ததும் போனை எடுத்து, யார் யாரிடம் சந்தோஷமாகச் சொன்னாரோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் வரிசையாகச் சொன்னார்.

"சார், நான் சொன்னது தப்பு. ஜீரோ இருட்டாத்தான் இருக்கு... இல்ல சார், முதல் தடவை ஏன் அப்படி வந்துச்சுன்னு காரணம் தெரியல."

மூன்று போன். மூன்று முறை, காரணம் தெரியல. நான் மூன்று முறையும் ஒரே பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அறைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஓட, காரணம் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தது. முதல்வர் என்ன சொன்னாரோ, மேடம், "ஆமா சார், அவசரப்பட்டுட்டேன்," என்றார். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷி.

அடுத்த பட்டினி நாளில் இன்குபேட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு சீட்டு தொங்கியது. வெள்ளை பிளாஸ்டிக் மூடியைச் சதுரமாக வெட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்து, கறுப்பு மார்க்கரில் ஒரே ஒரு சொல்: ஒருசந்தி. கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருப்பதற்கு அந்தப் பெயர்.

"இன்னா மேடம், எலிங்கல்லாம் எப்ப ஞானஸ்நானம் வாங்குச்சு?"

"தவக்காலம் இல்லையா? அதுங்களும் நோன்பு இருக்கட்டும்."

ஈஸ்டர் வந்தது, ஸ்வீட் வரவில்லை, நானும் கேட்கவில்லை. தவக்காலம் முடிந்தும் சீட்டு மட்டும் போகவில்லை. ஒவ்வொரு பட்டினி நாளிலும் தொங்கியது. மறுநாள் கழற்றித் துடைத்து மேசை இழுப்பறையில் வைப்பார். மேடத்தின் குறும்பு என்று துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நாள்பட நாள்பட என் பயம் தேய்ந்தது. பயம் தேய்ந்த இடத்தில் வெட்கம் முளைத்தது. அதை யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியவில்லை.

வாட்ச்மேன் பற்றிய உண்மை கடைசியில் சின்னதாகத்தான் வந்தது. வாட்ச்மேன் இல்லாத கேட் தானாகப் பேசாது. ஆனால் மணி அடித்துப் பேச ஆரம்பித்துவிட்டால் சீக்கிரம் நிறுத்தாது. முப்பதாம் நிமிஷத்திலும் பேசிக்கொண்டே இருக்கும். பெரிய ஆய்வுப் பத்திரிகைகள் வேண்டாமென்றன. சின்னப் பத்திரிகை ஒன்று போட்டது. அச்சில் பார்த்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். உலக விஞ்ஞானத்தின் நெற்றியில் தணிகாசலம்! இன்னொருவனாக இருந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் யானைமேல் ஊர்வலம் போயிருப்பான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எதுக்கு மேடம் என் பேரெல்லாம்?"

"கீழ் அடுக்கை யார் பார்த்தது?" என்று கேட்டுவிட்டு, ஸ்டாப்வாட்ச்சுக்கு பாட்டரி மாற்ற ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற பிறகு என் மனைவி இறந்தாள். பிள்ளைகள் வேறு வேறு ஊர்களில். மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாரிவாக்கத்தில் தனியாகத்தான் இருந்தார். மாலை ஐந்து மணிக்கு எனக்குக் கை பரபரக்கும். ஊட்டுவதற்கு அந்தக் கோடி வாய்கள் இல்லை என்பதால் போனை எடுப்பேன்.

"இன்னிக்கு எத்தனை, தணிகாசலம்?"

அன்று எத்தனை பேர் என்னிடம் பேசினார்கள் என்று அர்த்தம்.

"ஜீரோ மேடம். உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டு. பால்காரர், கேஸ்காரர்."

"கேஸ்காரரு மணி அடிச்சுட்டு உள்ளே வரமாட்டாரே மேடம், இன்சுலின் மாதிரி."

சிரிப்பார். உலகத்தில் இந்த நகைச்சுவைக்குச் சிரிக்க இரண்டே பேர் இருந்தோம். நாங்கள் பேசியது ஒரு தனி பாஷை. அதற்கு எழுத்து கிடையாது, இலக்கணம் கிடையாது. மொத்த ஜனத்தொகை இரண்டு. இப்போது ஒன்று. ஒருவன் மட்டும் பேசும் பாஷையை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, இன்று சொல்லியே தீருவது என்று உறுதி எடுத்துக்கொண்டு போனேன். இருதயம் பலவீனம் என்று மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார். மெலிந்திருந்தார். எதிரில் உட்கார வைத்துச் சர்க்கரை இல்லாத காபியும் தட்டில் ஒற்றை வடையும் வைத்தார்.

"மேடம், ரொம்ப நாளா உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"வடை ஆறுது."

"அது கெடக்கட்டும் மேடம். அந்தப் பழைய ஃபிலிமு..."

"பழைய கதையெல்லாம் எதுக்கு தணிகாசலம்? ஒரு வடைக்கு அனுமதி குடுத்திருக்கேன். சூடு இருக்கும்போதே சாப்பிடுங்க. நாளைக்கு மனசு மாறிடும்."

சாப்பிட்டேன். தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தைப் பற்றிப் பேசினோம். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். வாசல்வரை வந்து, "பார்த்துப் போங்க, பள்ளம்," என்றார். அவர் என்னிடம் நேரில் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பாதி மழித்த முகத்தோடு அன்று அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் நிறைய ஆட்கள். ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்து திரும்பியதும் கூட்டம் கரைந்தது. அருள்தாஸ் சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க. என்னண்ணே இது? ஃப்ரிட்ஜ் கைப்பிடியில தொங்குது. இது தவக்காலம்கூட இல்லையே."

வெள்ளைச் சதுரம். நூல். ஒருசந்தி. மார்க்கர் எழுத்து பழுப்பேறியிருந்தது. ஆய்வகத்தை மூடியபோது அதைத் தூக்கி எறிந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

"இது எங்க லேப்ல இருந்துச்சு தம்பி. எலி செல்லுக்கு நோன்பு. சோதனைக்கு மொத நாளு அதுங்களுக்குச் சாப்பாடு போடக் கூடாது. அதுக்கு ஞாபகமா மாட்டுவாங்க."

"எல்லாத்துக்குமா?"

"ரெண்டு அடுக்குக்கும் பட்டினிதான். ஆனா இது கீழ் அடுக்குல மட்டும்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன்.

"ஏன் கீழ மட்டும்?" என்றார் அருள்தாஸ். "மேல இருக்கிறது நோன்பு இருக்க வேணாமா? எப்பலேர்ந்து இந்த வழக்கம்?"

பதில் என் வாயில் தயாராக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சீட்டு கிடையாது. அதற்குப் பிறகு ஒரு பட்டினி நாள்கூடச் சீட்டு இல்லாமல் போனதில்லை. மேல் அடுக்கில் ஒரு நாளும் தொங்கியதில்லை. என் கை எங்கே போய் நீளுமோ, சரியாக அங்கே, என் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. பட்டினிக்கு முன் பதினாறையும் பட்டினிக்குப் பின் பதினெட்டையும் எடுத்தவருக்கு நடுவில் ஓர் எண் காணாமல் போனது தெரியாமலா இருந்திருக்கும்? நடந்தால் எங்கே என்று தெரிவதற்காக எண் போட்டவர் அல்லவா அவர்!

காரணம் தெரியல என்று முதல்வரிடம் சொன்னார். பேராசிரியரிடம் சொன்னார். தம்பியிடம் சொன்னார். நான் அறிந்தவரை பிலோமினா மேடம் தம் வாழ்க்கையில் சொன்ன பொய் அது ஒன்றுதான். மூன்று முறை சொன்னார், தண்ணீர் ஓடும் தொட்டிக்குக் கேட்கும்படி. என்னிடம் நேராகக் கேட்டிருந்தால், என் யோக்கியதை எனக்குத் தெரியும், இல்லை என்று சாதித்திருப்பேன். பிறகு அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் இரண்டு பேர் இருந்திருக்க முடியாது. அதனால் கேட்கவில்லை. அவசரப்பட்டவர் என்ற பெயரைத் தாம் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு பிளாஸ்டிக் சதுரத்தை வெட்டினார்.

"அண்ணே, அழுவாதீங்க," என்றார் அருள்தாஸ். பிறகு, "மூஞ்சி ஏன் பாதி இப்படி இருக்கு?" என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக, "இதை நான் எடுத்துக்கலாமா தம்பி?" என்றேன்.

எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் முருகேசன் மீதி முகத்தை முடித்துக்கொடுத்தார். மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் சதுரம், ஒரு நூல், ஒரு சொல். அவருடைய புத்தகங்கள் நூலகத்துக்குப் போயின. நல்ல மாணவர்கள் நீங்கள் எல்லா ஊரிலும் இருக்கிறீர்கள். வாட்ச்மேன் சின்னப் பத்திரிகையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இது போதும். என் வீட்டு ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் மாட்டியிருக்கிறேன். ஐந்து மணிக்கு இன்னும் கை எழுகிறது. போன்வரை போகிறது. சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவருகிறது.

மேடம், கீழ் அடுக்கு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி, பதினேழாம் குழாய். ஊற்றியது நான்தான். உங்களுக்குத் தெரியும் என்பது இப்போது எனக்கும் தெரியும்.

இன்றைக்கு எனக்கு ஜீரோ.